செவ்வந்தி இலையடியில் வெள்ளைக் கொப்புளம்: எந்த வெள்ளைத் துரு இது?

#1 தொட்டிச்செடி

செவ்வந்தி இலையோட மேல்பக்கம் வெளிர் மஞ்சள் புள்ளிகள், ஒவ்வொண்ணும் 3–4 மி.மீ. இருக்கும். கொஞ்சம் குழிஞ்ச மாதிரி தெரியுது. இலையைத் திருப்பினா அதே இடத்துல மெழுகு சொட்டு விட்டது போல ஒரு மேடு. சிலது தந்த நிறத்துல லேசா ரோஸ் கலந்திருக்கு, சிலது சுத்த வெள்ளை. பழைய புள்ளிகள் நடுவுல பழுப்பாகி காய்ஞ்சுபோச்சு. 40 தொட்டியில 6-ல இருக்கு. பெரும்பாலும் நடு இலைகள்லதான், நுனி இலைகள் சுத்தமா இருக்கு. தண்ணி சாயங்காலம், ஹோஸ்ல மேலேர்ந்து. என்ன நோய், என்ன அடிக்கணும்?

#2 ரெண்டிலை

வெள்ளைத் துரு. சந்தேகமே வேண்டாம். மெட்டலாக்சில் + மேங்கோசெப் கலவை லிட்டருக்கு 2 கிராம், 10 நாள் இடைவெளியில் ரெண்டு தடவை அடிங்க. கடுகுல வர்ற வெள்ளைத் துருவுக்கு இதுதான் எல்லாரும் அடிக்கிறது.

#3 பூசணக்கண்

பேர் சரி, மருந்து தப்பு. இந்தப் பேரை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கடுகில் வரும் "வெள்ளைத் துரு" துருவே இல்லை. அது ஆல்புகோ, ஊமைசீட் வகை, அதாவது பூசணம்போலத் தெரியும் வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம். அடிச்சாம்பல் நோய்க்கிருமிகளின் பங்காளி. உண்மையான பூசணங்களோடு அதற்கு உறவு கிடையாது. செவ்வந்தியில் வருவது பக்சீனியா ஹோரியானா. கோதுமைத் துருவின் அதே பேரினம், அசல் துருப் பூசணம்.

மெட்டலாக்சில் ஊமைசீட்டுகளில் ஆர்.என்.ஏ. உருவாவதைத் தடுக்கும் மருந்து. பக்சீனியாவை அது தொடவே தொடாது. தலைகீழாகவும் இதே கதைதான்: டிரையசோல் மருந்துகள், பூசணத்தின் செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டிரால் என்ற பொருளின் உற்பத்தியை முடக்குபவை. ஊமைசீட்டுகள் எர்கோஸ்டிராலைத் தயாரிப்பதே இல்லை, ஆகவே அங்கே டிரையசோல் வீண்.

கலவையில் மேங்கோசெப் இருப்பதால் புதுத் தொற்று கொஞ்சம் குறையும். "மருந்து கேட்குது" என்று தோன்றும். உள்ளே ஏற்கனவே புகுந்த பூசணம் அதுபாட்டுக்கு வளர்ந்து பத்து நாளில் கொப்புளமாக வெளியே வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. செவ்வந்தியும் சேர்ந்த சூரியகாந்திக் குடும்பத்துக்குள்ளேயே இரண்டும் வருகிறது. சூரியகாந்தியில் பக்சீனியா ஹீலியாந்தி என்ற பழுப்புத் துருவும் வரும், ஆல்புகோவின் நெருங்கிய உறவான வெண்கொப்புள நோயும் வரும். குடும்பப் பெயரை வைத்து மருந்தைத் தீர்மானிக்க முடியாது. கொப்புளத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

#4 கைலென்ஸ்

பார்க்கிற முறை. 10 மடங்கு லென்ஸ் போதும், மைக்ராஸ்கோப் இருந்தா இன்னும் நல்லது.

முதல்ல விரலால தேய்ச்சுப் பாருங்க. ஆல்புகோ கொப்புளம் மேல்தோலைக் கிழிச்சிட்டு வெடிக்கும், சுண்ணாம்புப் பொடி மாதிரி விரல்ல ஒட்டும். சாக்லேட் பழுப்புல பொடி வந்தா செவ்வந்தியோட இன்னொரு துரு, பக்சீனியா கிரைசாந்தமி, அதாவது பழுப்புத் துரு. ஒண்ணுமே ஒட்டாம கெட்டியா, மெழுகு மாதிரி நின்னா ஹோரியானா.

அடுத்தது ஈரப்பெட்டி. மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா, அடியில நனைச்சுப் பிழிஞ்ச டிஷ்யூ ரெண்டு மடிப்பு, அதுமேல கண்ணாடிச் சில்லு, சில்லுக்கு அரை செ.மீ. உயரத்துல ஒரு வலைத்துண்டு. இலையைக் கொப்புளப் பக்கம் கீழே பார்க்கிற மாதிரி வலைமேல வைங்க. மூடி, 17–20 டிகிரி இருக்கிற இடத்துல ராத்திரி முழுக்க விடுங்க. காலையில ரோஸ் நிறக் கொப்புளம் வெளுத்து, மேலே மெல்லிசா மாவு பூத்த மாதிரி ஆகியிருக்கும். சில்லுல நேர் கீழே மங்கலான வெண்படலம். வித்து (பூசணம் பரவ விதை மாதிரி உதவுற நுண்துகள்) முளைச்சு அடுத்த தலைமுறை வித்தைக் கொட்டியிருக்குன்னு அர்த்தம். நீங்க சொன்ன ரோஸ், வெள்ளை ரெண்டு நிறமும் ரெண்டு நோய் இல்லை. ரோஸ் இன்னும் முளைக்காதது, வெள்ளை முளைச்சது.

இங்க ரெண்டு தப்பு நடக்கும். இலைமேல நேரா தண்ணி தெளிச்சா பாக்டீரியா கிளம்பி எல்லாம் கொழகொழன்னு ஆயிடும். வெயில்பட்ட சன்னலோரம் வெச்சா சூட்டுல முளைப்பே நின்னுடும், "துரு இல்லை"ன்னு தப்பா முடிவு எடுத்துடுவீங்க.

மைக்ராஸ்கோப் இருந்தா: கொப்புளத்தை ஊசியால சுரண்டி ஒரு சொட்டுத் தண்ணியில போட்டு 400 மடங்குல பாருங்க. ரெண்டு அறை, நடுவுல லேசா இடுக்கம், நுனியில தடிச்ச சுவர், கீழே நீளமான காம்பு. இதுதான் ஹோரியானாவோட டீலியோ வித்து (கொப்புளத்துக்குள்ள இருக்கிற வித்து வகை), 30–45 மைக்ரான் நீளம். ஒரே அறை, உருண்டை, பழுப்பு, சுத்தி நுண்முள் இருந்தா பழுப்புத் துருவோட யூரிடியோ வித்து, அதாவது அந்தத் துரு பரவுற பழுப்புப் பொடி. ஆல்புகோவுல காம்பு கிடையாது, முத்து கோத்த மாதிரி சங்கிலி.

#5 ரெண்டிலை

சரி, மெட்டலாக்சிலை வாபஸ் வாங்கிக்கிறேன் :) இப்ப என் சந்தேகம். துருன்னா வாழ்க்கையை முடிக்க ரெண்டு வகைச் செடி வேணுமே? கோதுமைக் கருந்துருவுக்கு பார்பெரி மாதிரி. செவ்வந்தித் துருவுக்கு அந்த இன்னொரு செடி எது? அதைப் பிடுங்கிட்டா கதை முடியாதா?

#6 பூசணக்கண்

அப்படி ஒரு செடி இதற்கு இல்லை. முழு வாழ்க்கையும் செவ்வந்தியிலேயே.

கருந்துருவுக்கு ஐந்து வகை வித்து, இரண்டு வகைச் செடி. சூரியகாந்தித் துருவுக்கும் ஐந்து வகை வித்துதான், ஆனால் எல்லாம் ஒரே செடியில். ஹோரியானா அதையும் சுருக்கிக்கொண்டது: டீலியோ, பெசிடியோ என இரண்டே வித்து. மேலே சொன்ன மெழுகு மேடுதான் டீலியோ வித்துக்கூட்டம். அவை காற்றில் பறப்பதில்லை, இலையோடு ஒட்டியே நிற்கும். ஈரம் கிடைத்ததும் நின்ற இடத்திலேயே முளைத்து பெசிடியோ வித்தை உதிர்க்கும். பறப்பதும் தொற்றுவதும் பெசிடியோ வித்துதான்.

இனி எண்கள், இவைதான் முக்கியம். டீலியோ வித்து 4 முதல் 23 டிகிரி வரை முளைக்கும். 17 டிகிரி வாக்கில் ஈரம் இருந்தால் மூன்றே மணி நேரத்தில் முளைத்து வித்து உதிர்த்துவிடும். உதிர்ந்த வித்து இலைக்குள் புக, 17–24 டிகிரியில் இலைமேல் சுமார் 5 மணி நேரம் நீர்ப்படலம் நின்றால் போதும். கொப்புளம் தெரிய 7–10 நாள்.

அந்த பெசிடியோ வித்து வறட்சி தாங்காது. காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒரு மணி நேரத்துக்குள், 80-க்கு வந்தால் சில நிமிடங்களிலேயே செத்துவிடும். ஈரக்காற்றிலோ 700 மீட்டர் தூரம்கூடப் போய்த் தொற்றியிருக்கிறது.

#1-ல் "சாயங்காலம், மேலேர்ந்து" என்று இருக்கிறதே, நோயை வளர்ப்பது அந்த ஒரு வரிதான். சாயங்காலம் நனைந்த இலை விடியும்வரை காய்வதில்லை. முளைக்க மூன்று, புக ஐந்து. எட்டு மணி நேரம் தாராளமாகக் கிடைத்துவிடுகிறது. அதே தண்ணீரைக் காலையில், தொட்டியின் வாயில் ஊற்றினால் அந்தக் கணக்கு பாதியிலேயே அறுந்துபோகும்.

#7 நாற்றங்கால்

பூசணக்கண் சொன்னதிலிருந்தே கையால் செய்யும் வேலைக்கும் நேரம் தெரிந்துவிடுகிறது. நோய் இலையைக் கிள்ள வேண்டியது வெயில் ஏறி இலை நன்றாகக் காய்ந்த பிறகு, நடுப்பகலில். அப்போது பறக்கிற வித்து ஏறக்குறைய இருக்காது. விடிகாலைப் பனியில் செடியை உலுக்கி இலை பறிப்பது, நாமே விதைப்பதற்குச் சமம்.

பிளாஸ்டிக் பையைச் செடிக்கு மேல் கவிழ்த்து, பைக்குள் கைவிட்டு இலையைக் கிள்ளி, அங்கேயே வாயைக் கட்டுங்கள். திறந்த கூடையில் போட்டு மற்ற தொட்டிகளைத் தாண்டிக் கொண்டுபோகாதீர்கள். எரிக்க வழியிருந்தால் எரியுங்கள். இல்லாவிட்டால் ஈரமண்ணில் ஒரு முழம் ஆழத்தில் புதையுங்கள். இங்கே பலரும் தடுமாறுகிறார்கள்: உலர்ந்த இலைதான் ஆபத்து. உதிர்ந்த இலை 50 சதவீத ஈரப்பதத்தில் கிடந்தால் வித்து 8 வாரம்வரை உயிரோடிருக்கும். ஈர உரத்துக்குள் புதைந்தால் 3 வாரத்துக்குள் முடிந்துவிடும். தொட்டி ஓரத்தில் சருகாகக் கிடப்பதுதான் அதற்கு வசதி.

இலை கிள்ளுவதா, செடியையே எடுப்பதா? என் கணக்கு இது: ஒரு செடியில் நாலைந்து இலைக்குள் இருந்தால் கிள்ளலாம். நடுத்தண்டு முழுக்க ஏறியிருந்தாலோ, பூக்காம்பிலும் பூவடிச் செதில்களிலும் கொப்புளம் இருந்தாலோ செடியையே எடுத்துவிடுங்கள். 40-ல் 6 என்றால் அந்த ஆறையும் எடுப்பதுதான் மலிவு.

#8 ரெண்டிலை

அக்கா, அது கொஞ்சம் கொடுமை இல்லையா? தரையோட வெட்டிவிட்டா தூர்லேர்ந்து புதுசா துளிர்க்குமே, அந்தத் துளிர் சுத்தமாத்தானே இருக்கும்?

#9 நாற்றங்கால்

பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருக்கும். நோய் பிடித்த செடியின் தண்டுக்குள்ளும் பூசண இழையைக் கண்டதாக நுண்ணோக்கி ஆய்வுகள் வந்திருக்கின்றன. குளிர்காலத்தைக் கடந்தும் வயலில் அது பிழைக்கிறது. பூவுக்காக வைத்திருக்கும் செடி என்றால் வெட்டிவிட்டுக் கண்காணியுங்கள், பரவாயில்லை. அந்தத் தூரிலிருந்து பக்கக்கன்று பிரிப்பதோ நுனிக்குச்சி எடுப்பதோ கூடவே கூடாது. இந்த நோய் நாடு விட்டு நாடு போனதே குச்சிகள் வழியாகத்தான். 1895-ல் ஜப்பானில் முதலில் பார்த்தார்கள், 1963-ல் இங்கிலாந்துக்கு வந்தது, பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது. பல நாடுகள் இன்னும் செவ்வந்திக் குச்சி இறக்குமதிக்கு இதற்காகவே கட்டுப்பாடு வைத்திருக்கின்றன.

குச்சி வாங்குவோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. 30 டிகிரிக்கு மேல் கொஞ்ச நாள் வெப்பம் அடித்தால், உள்ளே புகுந்த பூசணம் வெளியே தெரிய 8 வாரம்கூட எடுக்கும். கோடையில் வாங்கிய குச்சி பளிச்சென்று இருக்கும். காற்று குளிர்ந்ததும் ஒரே வாரத்தில் எல்லாவற்றிலும் கொப்புளம். மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்தோம் என்பது குளிர்ந்த பருவத்தில் போதும், கோடையில் போதாது.

#10 மருந்துக்கணக்கு

இப்ப மருந்து. வேலை செய்யும் விதத்தை வெச்சுப் பிரிச்சுக்குங்க.

வெளியே நின்னு காவல் காக்கிறது: மேங்கோசெப் 75% தூள் லிட்டருக்கு 2–2.5 கிராம், அல்லது குளோரோதலோனில் 75% தூள் 2 கிராம். நோய் இல்லாத மீதித் தொட்டிகளுக்கு இதுதான் அடிப்படை.

உள்ளே போய்ப் பிடிக்கிறது: மைக்ளோபியூட்டானில் 10% தூள் 1 கிராம், அல்லது ப்ரோபிகொனசோல் 25% திரவம் 1 மி.லி. ரெண்டும் டிரையசோல்தான், ஒண்ணுக்கு மாத்தா இன்னொண்ணை அடிக்கிறது சுழற்சி ஆகாது. நிறைய பேர் இதுலதான் கோட்டை விடுறாங்க.

வித்து முளைக்கிறதைத் தடுக்கிறது: அசாக்சிஸ்ட்ரோபின் 23% திரவம் 1 மி.லி. கொப்புளம் வந்தப்புறம் இதைத் தனியா நம்பாதீங்க.

அளவுகள் நான் குறிச்ச சதவீதத்துக்குத்தான் பொருந்தும். உங்க கையில இருக்கிற டப்பாவுல சதவீதம் வேறயா இருந்தா டப்பா மேல இருக்கிறதையே பாருங்க, செவ்வந்திக்கு அனுமதி இருக்கான்னும் பாருங்க.

வரிசை: முதல் நாள் டிரையசோல் + மேங்கோசெப். 7-ம் நாள் அசாக்சிஸ்ட்ரோபின். 14-ம் நாள் மறுபடி டிரையசோல் + மேங்கோசெப். 21-ம் நாள் குளோரோதலோனில் மட்டும். ஏன் 7 நாள்? கொப்புளம் வெளியே வர 7–10 நாள், டிரையசோல் பிடிக்கிறது அதுல முதல் சில நாள் தொற்றை மட்டும்தான். 15 நாள் இடைவெளி விட்டா நடுவுல ஒரு தலைமுறை முழுசா தப்பிச்சுப் போயிடும். ஒரே வகையை விடாம அடிச்சா என்ன ஆகும்னும் தெரிஞ்ச விஷயம்தான்: இந்தத் துருவுல ஆக்சிகார்பாக்சின்ங்கிற இன்னொரு துரு மருந்து, டிரையசோல், ஸ்ட்ரோபிலுரின் (அசாக்சிஸ்ட்ரோபின் சேர்ந்த வகை) மூணுக்குமே எதிர்ப்பு பதிவாகியிருக்கு.

மருந்தைவிட தெளிப்புதான் அதிகம் சொதப்பும். கொப்புளம் இலையடியில, நாம அடிக்கிறது இலைமேல. நாசிலைச் செடியோட முட்டி உயரத்துக்கு இறக்கி, வாயை மேல்நோக்கித் திருப்பி, அடியிலேர்ந்து மேலே அடிங்க. கூம்பு நாசில், நுண்துளி. செவ்வந்தி இலையடியில ரோமம் இருக்கும், துளி நின்னு உருண்டுடும், அதனால ஒட்டும் திரவம் லிட்டருக்கு அரை மி.லி. சேருங்க. இலை நனையணும், சொட்டக்கூடாது. 40 நடுத்தரத் தொட்டிக்கு 2–3 லிட்டர் போதும். காலையில அடிச்சு சாயங்காலத்துக்குள்ள காயவிடுங்க. சாயங்காலம் அடிச்சா அந்த ஈரமே துருவுக்கு விருந்து.

இளங்கன்றுல ப்ரோபிகொனசோல் கூடினா வளர்ச்சி குறுகும். கணு நெருங்கி, இலை கரும்பச்சையா சின்னதா தடிச்சு வரும். உரக்குறைன்னு நெனச்சு யூரியா போட்டு, கொழுத்த தளிரை மறுபடி துருவுக்கே கொடுப்பாங்க.

#11 விதையிலை

வேப்பெண்ணெய், சமையல் சோடா, கந்தகம் இதுல எதாவது ஒண்ணு போதாதா? எதிர்ப்பு ரகம் நட்டா மருந்தே வேண்டாம்னும் சொல்றாங்களே?

#12 மருந்துக்கணக்கு

சோடா சாம்பல் நோய்க்கு ஓரளவு கேட்கும், துருவுக்கு மிக பலவீனம். சாம்பல் நோய் இலைத்தோலுக்கு வெளியே படர்றது, துரு உள்ளே இருக்கு. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் முன்கூட்டி அடிச்சா கொஞ்சம் தடுக்கும், ஆனா 30 டிகிரிக்கு மேல இலையைக் கருக்கும். எண்ணெய் தெளிச்ச ரெண்டு வாரத்துக்குள்ள கந்தகம் கூடாது, கருகல் உறுதி. வேப்பெண்ணெயைத் தடுப்புக்கு வெச்சுக்கலாம், கொப்புளம் வந்தப்புறம் அதை நம்பி வாரக்கணக்கில இருக்காதீங்க.

#13 பூசணக்கண்

எதிர்ப்பு ரகம் உதவும், ஆனால் நிரந்தரம் இல்லை. செடியின் ஓர் எதிர்ப்பு மரபணுவுக்குப் பூசணத்தில் ஓர் எதிர் மரபணு என்ற கணக்கில் நடக்கும் போட்டி இது. ஹோரியானாவுக்குள்ளேயே, தாக்கும் ரகத்தில் வேறுபடும் பல இனக்கூறுகள் உண்டு. ஓரிடத்தில் தாங்கும் ரகம் இன்னோரிடத்து இனக்கூறுக்கு விழுந்துவிடும்.

இதே போட்டியை மறுபக்கமிருந்தும் பார்க்கலாம். 1971-ல் ஆஸ்திரேலியக் கோதுமை வயல்களில் கோண்ட்ரில்லா என்ற களையை அழிக்க, அதன் துருவான பக்சீனியா கோண்ட்ரில்லினாவை வேண்டுமென்றே விட்டார்கள். அந்தக் களையும் சூரியகாந்திக் குடும்பம்தான். குறுகிய இலை வடிவம் துருவில் மடமடவென்று சரிந்தது. அந்தத் துருவுக்கு அசையாத மற்ற இரண்டு வடிவங்களும் காலியான இடத்தைப் பிடித்துக்கொண்டன. களைக்காரர்களுக்கு அது தலைவலி. நமக்கோ, ஒரே ரகத்தை வரிசையாக நடாதே என்று அதுவே காட்டிவிட்டது.

#14 மட்டுறுத்துநர்

களைக்கட்டுப்பாட்டுத் துரு பற்றித் தொடர விரும்புவோர் தனி இழை தொடங்கவும். இங்கே செவ்வந்தி மட்டும்.

#15 தொட்டிச்செடி

கைலென்ஸ் சொன்னபடி ஈரப்பெட்டி வெச்சேன். சில்லுல வெண்படலம் இருக்கு. விரல்ல பொடி ஒட்டலை. 400-ல ரெண்டு அறை, காம்பு தெளிவா தெரியுது. ஆறு தொட்டியும் பையில கட்டியாச்சு. மூணு கேள்வி:

1. அந்தத் தொட்டி மண்ணைத் திரும்பப் பயன்படுத்தலாமா, மருந்து ஊத்தணுமா?
2. பக்கத்துல ஷாஸ்டா டெய்சியும் காலெண்டுலாவும் இருக்கு. அதுக்கும் அடிக்கணுமா?
3. நோய் போயிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? பழைய புள்ளி அப்படியே இருக்கே.

#16 கைலென்ஸ்

அப்ப ஹோரியானாதான், உறுதி. 3-க்கு பதில்: பழைய புள்ளியைப் பார்க்காதீங்க, அது ஆறாது. மருந்து பட்ட கொப்புளம் பழுப்பாகி, சுருங்கி, லென்ஸ்ல வறண்ட மேலோடு மாதிரி தெரியும். ரோஸ் நிறத்துல புது மேடு வருதான்னு பாருங்க. ஒவ்வொரு செடியிலயும் மேலேர்ந்து நாலாவது இலையில ஒரு நூல் கட்டுங்க. நூலுக்கு மேல வர்ற இலைகளோட அடிப்பக்கத்தை மட்டும் வாரம் ரெண்டு தடவை திருப்பிப் பாருங்க.

#17 பூசணக்கண்

1: மண்ணுக்கு மருந்து வேண்டாம். இது உயிருள்ள செடியில் மட்டுமே வாழும் ஒட்டுண்ணி; மண்ணிலோ மட்கிலோ வளராது. வேர்க்கட்டையையும் எல்லா இலைத்துணுக்கையும் பொறுக்கி எடுத்துவிட்டு, மண்ணை ஈரமாகவே ஒரு மாதம் மூடி வைத்துப் பயன்படுத்துங்கள். தூர்த் துண்டு கிடந்து துளிர்த்தால்தான் வம்பு.

2: ஷாஸ்டாவுக்கு ஹோரியானா வராது, மார்கரைட்டுக்கும் வராது. காலெண்டுலாவில் ஆரஞ்சு நிறத்தில் கிண்ணம் கிண்ணமாக ஏதாவது கண்டால் அது பக்சீனியா லாஜெனோஃபோரே, வேறு துரு. ஆஸ்திரேலியாவிலிருந்து கிளம்பி 1960 வாக்கில் ஐரோப்பா சேர்ந்தது. செனேசியோ களைகளிலும் பெல்லிஸ் என்ற சின்ன டெய்சியிலும் குடியிருக்கும், ஆனால் செவ்வந்திக்குத் தாவாது. ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்கு மருந்து அடிக்க வேண்டாம்.

#18 நாற்றங்கால்

மீதி 34 தொட்டிகளுக்கு: இலையும் இலையும் உரசாத இடைவெளி விடுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் வரை கீழ் இலைகளைக் கிள்ளி எடுங்கள், அங்கேதான் காற்று நிற்கும். மூடிய கூடாரம் என்றால் பொழுது சாயும் முன்பே பக்கத்திரையைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே தேங்கிய ஈரக்காற்றை வெளியேற்றிவிட்டு இறக்குங்கள்.

கடைசியாகப் புதுக் கொப்புளம் பார்த்த தேதியைக் குறித்துவையுங்கள். அதிலிருந்து குளிர்ந்த பருவத்தில் 4 வாரம், இடையில் கடும்வெயில் அடித்திருந்தால் 8 வாரம் ஒன்றும் வராவிட்டால் மட்டும் தெளிப்பை நிறுத்துங்கள். இடையில் ஒரே ஒரு கொப்புளம் வந்தாலும் எண்ணிக்கை திரும்ப ஒன்றாம் நாளிலிருந்து. அதுவரை பூ வெட்டி யாருக்காவது கொடுப்பதானால் காம்பிலுள்ள இலை முழுவதையும் உருவிவிட்டுக் கொடுங்கள், குச்சி மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

#19 தொட்டிச்செடி

நூல் கட்டியாச்சு. தண்ணியைக் காலைக்கு மாத்தியாச்சு. 7-ம் நாள் தெளிப்பு முடிச்சு இலையடி படம் போடுறேன்.